செட்டில் ஆகாதவளின் சாட்சிக் கையெழுத்து

வீட்டைத் தம்பி பெயருக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் நானே சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று மாமா சொன்னபோது நான் அவருக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். சூட்டோடு சூடாகக் கரண்டியை அவர் மேல் வீசாமல் இருந்தேனே, அது அவர் செய்த புண்ணியம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கரையான்சாவடியில் பெயின்ட் கடை வைத்திருந்தார். கடையை மகனிடம் விட்டபிறகு, சொந்தக்காரர்கள் வீட்டு விவகாரங்களை முடித்துவைப்பதுதான் அவருக்கு முழுநேர வேலை. யார் வீட்டில் பாகப்பிரிவினை என்றாலும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பார்.

"கூடப் பொறந்தவளே சாட்சி போட்டுட்டான்னு வையி, நாளைக்கு ஒரு பேச்சு வராது பாரு. எல்லார் வீட்லயும் இப்படித்தாம்மா பண்றாங்க," என்றார். சொல்லிவிட்டு, "இன்னொண்ணு போடு, கொஞ்சம் முறுகலா," என்று தட்டை நீட்டினார்.

அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் பக்கம் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. மகனுக்குச் சொத்தை எழுதும்போது மகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாட்சியாக உட்கார வைத்துவிடுவார்கள். எனக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்பதற்கு நானே சாட்சி. பிற்பாடு கோர்ட்டு, கேஸ் என்று போனால், "நீதானேம்மா கையெழுத்துப் போட்டே?" என்று கேட்பதற்கு வசதி. என்ன ஒரு மூளை பாருங்கள்! இந்த மூளையை வேறு எதிலாவது செலவழித்திருந்தால் ஊர் எப்போதோ உருப்பட்டிருக்கும்.

வீடு கொரட்டூரில், ஏரிக்கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி. அப்பா ஆவடியில் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். குவார்ட்டர்ஸில் நாங்கள் வளர்ந்தோம். ரிட்டயர் ஆனதும் வந்த பணத்தில் அம்மா பெயரில் மனை வாங்கி, இந்த வீட்டைக் கட்டினார். அதில் நிம்மதியாக உட்கார்ந்து பேப்பர் படிக்கக்கூட அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை, சீக்கிரமே போய்விட்டார். தம்பி படித்தான், கனடா போனான், அங்கேயே கல்யாணம், குழந்தை, வீடு. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. அதாவது, கூடி வந்த ஓர் இடத்தில் வேலையை விட்டுவிட வேண்டும் என்றார்கள், முடியாது என்றேன். அதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. மற்றவர்கள்தான் எனக்காக முறை வைத்து வருத்தப்பட்டார்கள்.

இதெல்லாம் போகட்டும். எனக்கு ஆத்திரம் ஓர் இங்கிலீஷ் வார்த்தை மேல். செட்டில்.

இந்த வார்த்தையை யார் நம் ஊருக்குள் விட்டார்களோ தெரியாது. அவர் மட்டும் என் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன். கல்யாண வீட்டுக்குப் போனால், "தம்பி செட்டில் ஆயிட்டானா? ரொம்ப சந்தோஷம். நீ எப்பம்மா செட்டில் ஆகப்போறே?" குவார்ட்டர்ஸ் காலத்துப் பழைய சினேகிதர்கள் ஆவடி மார்க்கெட்டில் பார்த்துவிட்டால், கையில் கத்திரிக்காயைப் பிடித்தபடியே, "ஒண்ணும் செட்டில் ஆகலையா?" காலையில் ஆறு மணிக்கு எழுந்து, சமைத்து, அம்மாவுக்கு மாத்திரை எடுத்து வைத்து, ரயிலைப் பிடித்து, சாயங்காலம் வீடு வந்து மோட்டார் போடுகிற ஒருத்தி, அவர்கள் கணக்கில் இன்னும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறாள். மைனஸ் முப்பதில் பனியை வாரிக் கொட்டிக்கொண்டு, வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டு இருக்கிறவன் செட்டில் ஆகிவிட்டான். நல்லா இருக்கு உங்க நியாயம்!

அதுவும் அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒட்டுகிற வினையைக் கவனியுங்கள். ஆண்பிள்ளை செட்டில் 'ஆகிறான்'. பெண்ணை செட்டில் 'பண்ணுகிறார்கள்'. ஆண்டிக்குப்பத்தில் பிறந்தாலும் அண்ணா நகரில் பிறந்தாலும் இதில் மாற்றமில்லை. ஆட்டோக்காரர் ஒருவரிடம் சில்லறைத் தகராறு வந்தாலும் "செட்டில் பண்ணிட்டுப் போ". அடியாளை வைத்து மிரட்டி இடத்தைப் பிடுங்கினால் அதற்கும் பெயர் செட்டில்மென்ட். கம்பெனியில் ஒருத்தனை வேலையை விட்டு அனுப்பினால் ஃபைனல் செட்டில்மென்ட். பெற்றவள் பிள்ளைக்குச் சொத்தை எழுதிக் கொடுத்தால் அந்தப் பத்திரத்துக்கும் செட்டில்மென்ட் என்றுதான் பெயர். தமிழில் தானசெட்டில்மென்ட் என்று அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். தானமாம்!

மாமா போனபிறகு அம்மாவிடம் கேட்டேன்.

"ஏம்மா, நான் இந்த வீட்ல என்ன வாடகைக்கா இருக்கேன்?"

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "உன்னை யாருடி போகச் சொன்னா? நீ பாட்டுக்கு இரு. அவனுக்கு எழுதி வச்சாதான் நம்ம குடும்பத்துல நிக்கும். உனக்கு எழுதினா உனக்கப்புறம் யாரு?"

"எனக்கப்புறம் யாருன்னு கேக்கறீங்க சரி. எனக்கு யாரு?"

"இப்ப எதுக்கு எடக்கு மடக்கா பேசுறே? அவன் குடும்பஸ்தன். செட்டில் ஆனவன். நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா விட்டுருவானா?"

ஏரி நிரம்பித் தெருவுக்குள் தண்ணீர் வந்த வருஷம் இதே அம்மாவை நானும் எதிர்வீட்டுப் பையனும் நாற்காலியோடு தூக்கி மாடிவீட்டில் கொண்டுபோய் வைத்தோம். தண்ணீர் வடிந்ததும் சேற்றை வாரிக் கொட்டியது நான். ஹால் சுவரில் கதவோரம் விரிசல் விட்டபோது கொத்தனாரைப் பிடித்து அடைத்தது நான். இதையெல்லாம் சொல்லிக்காட்ட எனக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். அம்மா, "பெத்த தாய்க்குச் செஞ்சதுக்குக் கணக்கு பாக்குறியா?" என்று கேட்டுவிட்டு, கீரையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

தம்பிக்கு போன் போட்டேன். "நான் கேக்கவே இல்லக்கா. அம்மாவா ஆசப்பட்டாங்க. வேணாம்னா மனசு கஷ்டப்படுவாங்கன்னு விட்டுட்டேன்," என்றான். அம்மா மனசு கஷ்டப்படக் கூடாது என்பதில் அந்தப் பிள்ளைக்குத்தான் எவ்வளவு அக்கறை! என் மனசைப் பற்றிக் கேட்பான் என்று கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். குழந்தை அழுகிறது என்று வைத்துவிட்டான்.

பதிவு நாள் வந்தது. அம்மாவை யார் கூட்டிக்கொண்டு போவது? மாமாவின் ஸ்கூட்டரில் அம்மாவால் ஏற முடியாது. நான்தான் அரைநாள் லீவு போட்டு, ஆட்டோ பிடித்து, கையைப் பிடித்து ஏற்றிக் கூட்டிப் போனேன். என்னைச் சும்மா விட்டால் நானே எனக்குக் குழி தோண்டி, மண்வெட்டியையும் கழுவி வைத்துவிட்டு வருவேன் போலிருக்கிறது.

சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரே கூட்டம். டோக்கன் கொடுத்தார்கள். அம்மாவுக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. நான் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றேன். பத்திரம் எழுதுபவர் வந்து மாமாவிடம், "சாட்சி ரெண்டு பேர் யாரு சார்? ஆதார் குடுங்க," என்றார். மாமா என்னைக் கை காட்டினார். நான் என் ஆதாரைப் பையிலிருந்து எடுக்கவில்லை. "நம்பர் வரட்டும்," என்றேன். அவரும் மற்ற வேலையைப் பார்க்கப் போனார்.

நின்ற நேரத்தில் கோபம் தாங்காமல் போனை எடுத்து அந்தப் பாழாய்ப்போன வார்த்தையைத் தேடினேன். அப்படி என்னதான் அர்த்தம் இருக்கிறது இதற்கு, பார்த்துவிடுவோம்.

படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. பழைய இங்கிலீஷில் இந்த வார்த்தை இருக்கை என்பதிலிருந்து பிறந்ததாம். ஆதியில் செட்டில் என்றால் ஒருவரை ஓர் இடத்தில் உட்கார வைப்பது. அவ்வளவேதான். உயரமான முதுகுச் சாய்வு வைத்த, உட்காருகிற நீளமான மரப் பலகை ஒன்று அங்கே வீடுகளில் உண்டாம், அதற்கும் இன்றுவரை இதே பெயர். கல்யாணமும் இல்லை, கனடாவும் இல்லை, கான்கிரீட்டும் இல்லை. ஒரு பலகை!

அதிலிருந்துதான் மற்றதெல்லாம் கிளைவிட்டிருக்கிறது. ஊர் ஊராக அலைந்தவன் ஓரிடத்தில் குடியேறுவது. தூசி வந்து படிவது. கலங்கிய தண்ணீரில் மண்டி அடியில் தங்குவது. வழக்கைத் தீர்ப்பது, பாக்கியை அடைப்பது. அடம்பிடிக்கிற குழந்தை அடங்குவது. கட்டிய வீடு பாரம் தாங்காமல் தரையோடு கொஞ்சம் அழுந்துவது. அதனால்தான் சுவரில் விரிசல் விடுமாம். ஹால் சுவரைக் காட்டி, "பூமி எறங்கிக்கினு கீது மா," என்று கொத்தனார் அன்றைக்குச் சொன்னது இதைத்தான் போலிருக்கிறது. கடைசியில் இன்னோர் அர்த்தமும் போட்டிருந்தது. கேட்டது கிடைக்காதபோது கிடைத்ததை வைத்துத் திருப்திப்பட்டுக்கொள்வதற்கும் இதே வினைதானாம். அதைப் படித்ததும் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டேன்.

எத்தனை அர்த்தங்கள்! குடியேறினேன், அடங்கினேன், கிடைத்ததை வைத்துக்கொண்டேன், அந்த வீட்டுத் தூசியை எல்லாம் தினமும் நான்தான் கூட்டினேன். அகராதியில் இருக்கிற எல்லா செட்டிலும் நான் ஆகிவிட்டேன். என் சொந்தக்காரர்களின் அகராதியில் இருக்கிற ஒன்றே ஒன்று மட்டும் ஆகவில்லை. அதற்காக வீடு கிடையாது. எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் நம்பர் வந்தது. அம்மாவைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். போட்டோ எடுத்தார்கள், கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள். பத்திரம் எழுதுபவர் பேனாவை என் பக்கம் நீட்டி, "மேடம், இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு," என்று பென்சில் புள்ளி வைத்த இடங்களைக் காட்டினார்.

"நான் போடமாட்டேன்," என்றேன்.

"என்னது?" என்றார் மாமா.

"போடமாட்டேன் மாமா. அம்மா வீடு, அம்மா இஷ்டம். யாருக்கு வேணா எழுதட்டும். நான் வந்து நின்னு, எனக்கு சம்மதம்னு காட்டிக்க மாட்டேன். எனக்கு சம்மதம் இல்ல."

என் குரல் இத்தனை உரக்க வரும் என்று எனக்கே தெரியாது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "நாலு பேர் முன்னாடி மானத்த வாங்காதடி," என்று அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

மாமா வெளியே ஓடி, எங்களைக் கூட்டி வந்த ஆட்டோக்காரரை அழைத்து வந்தார். வண்டியில் வரும்போதே நாங்கள் பேசிக்கொண்டதை எல்லாம் அவர் கேட்டிருந்தார். பத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், அக்காவே போட மாட்டேன்னுது, நான் எப்டி சார் போடுவேன்? ஊட்டு மேட்டர்ல என்னிய இஸ்காத சார், நான் வண்டியாண்ட கீறேன்," என்று கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

அதனால் ஒன்றும் நின்றுவிடவில்லை. மாமா ஒரு சாட்சி, பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரு சாட்சி. முடிந்தது. எனக்கும் தெரியும், என் கையெழுத்து இல்லாமலே அந்தப் பத்திரம் செல்லும் என்று.

சார்பதிவாளர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். வழக்கமாக எல்லாரிடமும் கேட்பதை அம்மாவிடமும் கேட்டார். சுயநினைவோடு எழுதிக் கொடுக்கிறீர்களா, யாராவது வற்புறுத்தினார்களா, யாருக்கு எழுதுகிறீர்கள் என்று தெரியுமா. அம்மா எல்லாவற்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்னார். சார்பதிவாளர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "இது உங்க பொண்ணா? இவங்களுக்கு ஒண்ணும் எழுதலையாம்மா?" என்றார்.

"அவளுக்கு எதுக்கும்மா?" என்றார் அம்மா, நிஜமாகவே புரியாமல். "அவதான் எங்கூடவே இருக்காளே."

அம்மாவுக்கு வஞ்சகம் கிடையாது. இருந்திருந்தால்கூட நான் சண்டை போட்டு ஆறியிருப்பேன். கை, கால், மூக்குக் கண்ணாடி மாதிரி நானும் அவருடையது. மூக்குக் கண்ணாடிக்கு யாராவது வீடு எழுதி வைப்பார்களா?

அன்று சாயங்காலம் தம்பி வீடியோவில் வந்தான். அங்கே விடியற்காலை. கலைந்த தலையோடு, "என்னக்கா, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஏதோ சண்டை போட்டியாமே? எதுக்குக்கா இதெல்லாம்? அது உன் வீடு மாதிரிக்கா. நீ எவ்ளோ நாள் வேணும்னாலும் இருந்துக்கோ," என்றான்.

இருந்துக்கோ! நான் தோள் மேல் தூக்கிக்கொண்டு குவார்ட்டர்ஸ் மைதானத்தைச் சுற்றிக்காட்டிய பயல் எனக்கு அனுமதி கொடுக்கிறான். அதுவும் என் வீடு 'மாதிரி'. அந்த ஒரு வார்த்தையில் நான் முடிவு செய்துவிட்டேன்.

"வேணாம்டா. நான் வேற வீடு பாக்கறேன். அடுத்த மாசம் காலி பண்ணிடறேன்," என்றேன்.

அவன் பதறிப்போனான். ஏன் என்று கேட்கவில்லை. எங்கே போவாய் என்று கேட்கவில்லை. "அப்ப அம்மாவ யாருக்கா பாத்துப்பா?" என்றான்.

"வீட்டுக்காரர் பாத்துப்பாரு," என்று சொல்லிவிட்டு போனை அம்மா கையில் கொடுத்தேன்.

அடுத்த நாளே மாமா வந்தார். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பேசக் கூடாது என்றார். பொம்பளை தனியாக வீடு எடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்றார். ஊர் இவ்வளவு நாள் சொன்னதையே இன்னும் கேட்டு முடிக்கவில்லை, புதிதாகச் சொல்வதை வரிசையில் நிற்கச் சொல்லுங்கள் என்றேன். அன்றைக்கு அவருக்குத் தோசை கிடையாது. காப்பி மட்டும்தான் கொடுத்தேன், அதிலும் சர்க்கரை குறைவு.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு பார்க்கக் கிளம்பினேன். திருமுல்லைவாயலில், அம்பத்தூரில், பட்டரவாக்கம் பக்கம். "ஃபேமிலியா?" என்பார்கள். "நான்தான் ஃபேமிலி," என்பேன். கதவைச் சாத்துவார்கள். ஓர் இடத்தில் வீட்டுக்காரர், "இன்னும் செட்டில் ஆகலையாம்மா நீங்க?" என்றே கேட்டார். அட்வான்ஸ் கொடுக்க எடுத்துப் போன பணத்தோடு திரும்பி வந்தேன். அந்த ஆள் சும்மா கொடுத்திருந்தாலும் அந்த வீட்டில் கால் வைத்திருக்க மாட்டேன்.

அம்மா இந்த நாட்களில் என்னோடு அதிகம் பேசவில்லை. நான் கோபித்துக்கொண்டு சீக்கிரம் ஆறிவிடுவேன் என்று நினைத்திருப்பார். கடைசியில் திருமுல்லைவாயலில் ஒரு வீடு அமைந்தது. டெய்லர் கடை வைத்திருக்கிற ஒரு பாய் வீடு. அவருடைய மனைவி ஒரு கேள்வியும் கேட்காமல், குடிநீர் எத்தனை மணிக்கு வரும் என்பதை மட்டும் சொல்லிச் சாவியைக் கொடுத்தார். அங்கேயே அட்வான்ஸை எண்ணிக் கொடுத்தேன்.

சாவியோடு வீட்டுக்கு வந்தேன். என் புடவைகளைப் பெட்டியில் அடுக்க உட்கார்ந்தேன். அம்மா அறை வாசலில் வந்து நின்றார். போகாதே என்பார், அழுவார், திட்டுவார் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். ஒரு கட்டைப்பையை என் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். அம்மாவின் மாத்திரை டப்பா, அப்பா போட்டோ, நாலு நூல் புடவை.

"நான் மட்டும் இங்க தனியா உக்காந்து என்ன பண்ண? சுவத்தையா பாத்துட்டிருக்கறது?" என்றார். "ஏண்டி, அது மாடி வீடா? என்னால படியேற முடியாது, சொல்லிட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வீடு அவனுக்கு, நீங்கள் எனக்கா என்று கத்த வாயெடுத்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"கீழ் வீடுதான்."

அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அத்தனை தெரு அலைந்தும், மாடியில் காலி இருக்கிறது என்று சொன்ன ஒரு வீட்டைக்கூட நான் ஏறிப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.